பதினோராவது அடியில் திரும்புகிறவன்

என் விசைப்பலகையில் ஓர் எழுத்து தேய்ந்து அழிந்துவிட்டது.
எஃப் ஐந்து.
மூன்று வருடமாக
ஒவ்வொரு கதவுக்கு முன்னும் பின்னும்
அதைத்தான் தட்டினேன்.
சேமி. சேமி.
படிக்கட்டென்றால் இரண்டு படிக்கு ஒருதரம்.
இப்போது அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன்,
காயத்துக்கு ஒட்டுவதைத்தான்.

இந்தக் கட்டத்தில் சேமிப்புக் கிடையாது.
யாரையும் கொல்லவும் கூடாது.
மழையில் ஒரு துறைமுகக் களஞ்சியம்,
ஒன்பது காவலர்,
மூன்றாம் மாடியில் ஒரு பச்சைக் கோப்பு.
பிடிபட்டால்
முதல் மதிலடிக்குத் திரும்பப் போய்
நனைந்துகொண்டு நில்.

கொக்குவிலில் நேரம் ஒன்று பத்து.
மேல்மாடி அறை, மாதம் பன்னிரண்டாயிரம்.
கீழே வீட்டுக்காரர் குணநாயகத்தார்
காற்றாடி நின்றாலே விழித்துவிடுவார்.
ஆகவே மழை என் காதுக்குள் மட்டும்.

முதல் இருபது தரமும் ஓடினேன்.
அடுத்த பத்துத் தரம்
களஞ்சியத்தைக் கட்டியவனின் பரம்பரையைத் திட்டினேன்.
பிறகு ஒரு கொப்பி வாங்கினேன்,
எண்பது பக்கம், சதுரக்கோடு.

தகரத்தில் கால் வைத்தால் சத்தம், கம்பளத்தில் இல்லை.
வெளிச்சத்தைவிட அதன் ஓரம்தான் ஆபத்து.
கிழக்கு வாசல்காரன் பதினோராவது அடியில் திரும்புவான்.
திரும்புமுன் தொண்டையைச் செருமுவான்.
செருமினால் எனக்கு நாலு செக்கன்.
நாலு செக்கன் எத்தனை பரப்புக் காணி என்று
அதற்குள் நடந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

"வீடியோவைப் பாரன், பன்னிரண்டு நிமிசத்தில முடிக்கிறாங்கள்"
என்றான் கடையில் தர்மிகன்.
"அது அவங்கள் முடிச்சது" என்றேன்.
விசரி என்று சொல்லாமல் சிரித்தான்.

நாற்பத்தோராவது தரம் என்னைக் கண்டுவிட்டார்கள்.
விரல் தானாகப் பிளாஸ்டருக்குப் போனது.
வழமையாக அந்த இடத்தில் நானே நிறுத்திவிடுவேன்,
அவர்கள் சுடுமுன்
என் கையால் என்னை அழித்துவிட்டு
சுத்தமான மதிலடிக்கு ஓடிவிடுவேன்.
அன்று அலுப்பு. விட்டுவிட்டேன்.
இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒடுங்கினேன்.
டோர்ச் வெளிச்சங்கள் வந்தன,
என் முழங்காலை ஒன்று தடவிப் போனது.
ஒன்றும் செய்யவில்லை.
ஒன்றும் செய்யாமலிருப்பது
அவ்வளவு வேலை.

தொண்ணூறு செக்கனில் தேடுகிறவனுக்கும் களைக்கிறது.
"எலியாக்கும்" என்றான் அவன் பாஷையில்,
திரும்பிப் போய்
ஒன்றிலிருந்து நடக்கத் தொடங்கினான்.

காணப்படுவது வேறு, பிடிபடுவது வேறு.
இதைக் கொப்பியில் எழுதவில்லை.

மற்ற நாள் கஸ்தூரியார் வீதியில்,
நுணுக்குக்காட்டியின் கீழே,
பண்ணைப் பாலத்தடியில் விழுந்து உப்புக்குடித்த ஃபோன்.
நாவாந்துறையிலிருந்து கொண்டுவந்தவ
"படங்கள் மட்டும் காணும், பிள்ளை" என்றா.
வெப்பக்காற்றுப் பிடித்தேன்.
மணல்மணியளவு செப்புப்புள்ளி ஒன்று
பலகையிலிருந்து கழன்று வந்துவிட்டது.

மேசைக்கு மேல் என் இடக்கை விரல்
இல்லாத விசையொன்றைத் தேடித் தட்டியது.
தர்மிகன் கண்டான். பேசவில்லை.
சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தேன்.
தொண்ணூறுவரை எண்ணினேன்.
பிறகு மயிரைவிட மெல்லிய கம்பியை எடுத்து
மிச்சத்திலிருந்து தொடங்கினேன்.

நாலரைக்குப் படங்கள் வந்தன.
இருநூற்றுப் பதினாறு.
முக்கால்வாசி ஓர் ஆடு.
கறுப்பு ஆடு, பல கோணங்களில்.
அவ ஒவ்வொன்றாகப் பார்த்து அழுதா.

நேற்று, ஐம்பத்தெட்டாவது தரம்,
பச்சைக் கோப்பு என் கையில்.
திரும்பியும் வெளியே வரவேண்டுமென்பதை
நான் ஒருநாளும் யோசித்ததில்லை.
வந்த வழி அப்படியேதான் கிடந்தது,
ஆனால் எல்லாரும் மறுபக்கமாக நடந்தார்கள்.
இரண்டாம் மாடி. தகரம். அடி ஒன்று, இரண்டு...

கரண்ட் போனது.
என் மடிக்கணினிக்குப் பற்றரி எப்போதோ செத்துப்போயிற்று.

இருட்டில் சிரிப்புத்தான் வந்தது.
பிறகு ஒன்றுக்கு வந்தது.
கழிப்பறை கீழே, கிணற்றுக்கு அங்காலை.
வெளிப்பக்க இரும்புப் படிக்கட்டு, பதினாறு படி,
ஏழாவது கத்தும்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
ஆறாவது படியில் ஒற்றைக்காலில் நிற்கிறேன்.
கீழே காற்றாடி ஓய்ந்துகொண்டு வருகிறது.

குணநாயகத்தார் தொண்டையைச் செருமினார்.

எனக்கு நாலு செக்கன்.