ஷெனீய்

எங்கள் பிக்கார்டிப் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு
வாயைப் பார்த்துத்தான் பொருள் கொள்ளவேண்டும்.

கிஸ்லேன் சொன்னால் புழு.
முட்டைக்கோஸ் இலையைச் சல்லடையாக்கியதை
இரண்டு விரலால் கிள்ளி எடுத்துக்
கோழிகளுக்கு எறிவாள்.

தையற்கடை மார்சலின் சொன்னால் நூல்.
புசுபுசுவென்று அதில் நெய்த அங்கி
எல்லார் வீட்டிலும் ஒன்று உண்டு,
ஆஸ்பத்திரியில் படுக்கும்போது மட்டும்
பெட்டியைவிட்டு வெளியே வரும்.

நான் சொன்னால் இரும்பு.
மண் தோண்டும் இயந்திரத்துக்குப்
பக்கத்துக்கு நாற்பத்தொன்பது கண்ணி.
தன் பாதையைத் தானே விரித்து
தானே சுருட்டிக்கொண்டு போகும்.

ஒரு நவம்பரில்
ஃபிர்மேனின் கலப்பை
பீட் கிழங்கோடு சேர்த்துப்
பழைய போர் டாங்கியின் கண்ணியொன்றைத்
தூக்கிப் போட்டது.
அதற்கும் இதே பெயர்தான்.
வாசலில் கிடந்தது, மழைநீர் தேங்கியது,
பூனை வந்து குடித்தது.

பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்வார்:
இந்தச் சொல்லுக்குள் ஒரு நாய்க்குட்டி இருக்கிறதாம்.
லத்தீன்காரன் எவனோ
புழுவின் மூஞ்சியில் நாயைக் கண்டிருக்கிறான்.
ஆங்கிலேயன் வைத்திருப்பது மயிர்ப்பூனை.
அதுவும் எங்கள் பக்கத்துப் பழஞ்சொல்,
கடல்தாண்டிக் கொண்டுபோனவன்
இன்னும் திருப்பித் தரவில்லை.

புழு இதையெல்லாம் கேட்பதில்லை.
தின்கிறது.

ஒதிலோன் செத்தது ஈரச் சரிவில்.
இயந்திரம் பின்னால் நகர்ந்தபோது
பின்னால் நின்றிருந்தான்.
முந்தின நாள்
அந்தக் கண்ணிகளை இறுக்கிக் கொடுத்தவன் நான்.
கண்ணியில் பழுதில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள்.
அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு கிஸ்லேன்
'கோஸில் இருக்கிறதே, அது' என்பாள்.
என்னிடம் என்றால்
அதுவும் சொல்லமாட்டாள்.

அவள் அண்ணன் மகள் கல்யாணம்.
நள்ளிரவு தாண்டி, ஒயின் தீர்ந்த நேரம்,
ஒலிபெருக்கிக்காரன் கத்தினான்:
ஷெனீய்!
நாற்காலிகள் நகர்ந்தன.
ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து
மேயர், மணப்பெண், சமையல்காரன்,
காலணியைக் கையில் பிடித்த சித்திகள்
வரிசையாகி மேசைகளைச் சுற்றினார்கள்.
எனக்கு மட்டும்
ரொட்டித்துணுக்குகளை எண்ணும் வேலை இருந்தது.

தோளில் இரண்டு கை விழுந்தது.
திரும்புவதற்குள் குரல்:
'எழுந்திரு. பின்னால் ஆள் நிற்கிறது.'

இந்த ஆட்டத்தில் ஒரு வசதி,
யார் முகமும் யாருக்கும் தெரியாது.
கதவைத் தாண்டி, சரளைக்கல்லில் இறங்கி,
கார்களுக்கு நடுவே
தூறலில் நெளிந்தோம்.
முன்னால் போகிறவன் யாரென்றுகூடத் தெரியவில்லை.

அவள் கட்டைவிரல்
என் காலரை மடித்துப் பார்த்தது.
'கிரீஸ் போகவேயில்லை' என்றாள்.