ஒரு சொல் குறைந்த சுருள்கள்

ஆறு டன்.
வூச் நகரத்தின் வடக்கு ஓரம், நூற்பாலை ஒன்றின் பழைய கிட்டங்கி.
லாரியின் பின்கதவைத் திறந்ததும்
ஒரே முகம் ஆயிரம் தடவை சிரித்தது:
பிஸ்கட் கடிக்கும் அணில்.

"என்ன கோளாறு?" என்றேன்.
ஓட்டுநர் தோளைக் குலுக்கினான்.
கோளாறில்லாத சரக்கு என் வாசலுக்கு வருவதில்லை.
சாயம் மங்கியிருக்கும், கம்பெனி கைமாறியிருக்கும்,
இல்லையென்றால் எவனோ ஒரு மேலாளருக்கு
நாற்பது மில்லிமீட்டர் கணக்குத் தப்பியிருக்கும்.

முனையைக் கிழித்துக் கசக்கினேன்.
மொடமொடக்கவில்லை.
தீக்குச்சி வைத்தேன். அடி நீலம், நுனி மஞ்சள்,
ஊதி அணைத்ததும் மெழுகுவர்த்தி வாசம்.
பாலிஎத்திலீன். முப்பத்தைந்து மைக்ரான்.
இருபத்திரண்டு வருஷமாய்
என் மூக்குதான் என் ஆய்வகம்.

கோளாறைக் கண்டுபிடித்தது யாத்விகா.
கணக்கெழுத வந்தவள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
அணிலின் வாலுக்குக் கீழே பொடியெழுத்தைப் படித்தாள்.
'நிலக்கடலை இல்லாமல்' என்று இருக்க வேண்டியது.
'நிலக்கடலை' மட்டும் இருந்தது.

ஒரு சொல்.
அதை விழுங்கியவன் எந்த மேசையில் உட்கார்ந்திருந்தானோ,
அன்று மதியம் என்ன சாப்பிட்டானோ.
விழுங்கியதன் எடை ஆறாயிரம் கிலோ.

எங்கள் மொழியில் அந்தச் சொல் 'பெஸ்'.
இல்லாமல் என்று பொருள்.
லைலாக் பூவுக்கும் அதே பெயர்.
மே மாதத்தில் ஒருவர் 'பெஸ்' என்று வாயெடுத்தால்
பறிகொடுத்தவரா, பூ வாங்கப் போகிறவரா,
அடுத்த சொல் வரும்வரை சொல்ல முடியாது.

மெத்தைக்காரன் இரண்டு டன் எடுத்தான்.
அச்சை உள்பக்கம் திருப்பிச் சுற்றுவானாம்,
அணில் பஞ்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடக்கட்டும் என்றான்.
பெயின்டர் ஒருவனுக்கு நாற்பது கிலோ, தரைக்கு விரிக்க.
மிச்சத்துக்குக் குட்னோவிலிருந்து லூத்விக் வந்தார்,
நாற்றுப்பண்ணைக்காரர்,
வேர்க்கட்டியோடு செடியைப் பொதிந்து அனுப்ப.
"என்ன செடி?"
"பெஸ்."
"எது இல்லாமல்?" என்றேன்.
சிரிக்கவில்லை மனுஷன்.
கிலோவுக்கு இருபது க்ரோஷ் குறைக்கச் சொன்னார்.
சிரிக்காத ஆளிடம் என் பேரம் நின்றதே இல்லை.

அக்டோபரில் திரும்பி வந்தார்.
டிராக்டர் நிறையக் கிழிசல், சேறு, அறுந்த வேர்.
தராசில் முந்நூற்றுப் பத்து.
"இதில் பாதி மண். மண்ணுக்கு நான் காசு கொடுப்பதில்லை."
"மண்ணை நான் விற்கவும் வரவில்லை" என்று
எல்லாவற்றையும் கேட்டருகே கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

பனி விழும் முன்னே ரெமிகியூஷ்
ரப்பர் குழாயோடு மூன்று நாள் நின்றான்.
கை விறைக்க விறைக்க என்னையும் லூத்விக்கையும்
மாறி மாறித் திட்டினான். நியாயம்தான்.
பிறகு அரைவை இயந்திரம்.
ஆரஞ்சு, பச்சை, அணிலின் பழுப்பு,
எல்லாம் உருகிச் சேர்ந்தால் ஒரே அழுக்குச் சாம்பல்.
அதற்கு மேல் கறுப்புச் சாயம்:
வறுமைக்கு இஸ்திரி போட்ட மாதிரி.
மணிமணியாய் மூட்டை கட்டி
குப்பைப்பை செய்கிறவனுக்கு அனுப்பினேன்.
அவன் இன்னும் பாதிப் பணம்தான் தந்திருக்கிறான்.

இந்த ஏப்ரலில் கடையில் சோப்பு தேடும்போது
அலமாரியின் கீழ்த்தட்டில் அவன் பைகள்.
கறுப்புச் சுருள், ஊதாநிறப் பட்டை,
அதில் மூன்றெழுத்து, விரல் தடிமனில்:
பெஸ்.
பூப்படம் கிடையாது. பின்னால் வேறு சொல் கிடையாது.

யாரும் பார்க்கவில்லை.
ஓரத்தைக் கிழித்து மூக்கருகே கொண்டுபோனேன்.
பூ இருந்தது, ஒரு மூச்சளவு, மலிவான பூ.
அதற்கு அடியில்
ரெமிகியூஷ் கழுவித் தீராத ஈர மண்.

கிழித்ததற்காக வாங்க வேண்டியதாயிற்று.
ரசீதை நீட்டினால் யாத்விகா கேட்கிறாள்,
இதை எந்தக் கணக்கில் எழுத?