மேற்குப் பார்த்த பக்கம்

தேவிபட்டினத்தில் மூன்று வருடம்
திரும்பிப் படுக்காமல் கிடந்திருக்கிறது படகு.
மேற்குப் பார்த்த பக்கத்தை வெயில் தின்றிருந்தது.
மற்றதை உப்பு நக்கியதோடு சரி.
இந்தப் பக்கம் நின்றால் நீலம்,
சுற்றிக்கொண்டு போனால்
கொடியில் மறந்துபோன பாவாடை.

நாற்பத்தெட்டாயிரம் என்றார் இபுராம்சா.
நம்புத்தாய் அதன் விலாவில்
விரலால் ஒரு கோடு இழுத்தாள்.
வெள்ளை மாவு.
"இது ஃபைபரா பாய், சுண்ணாம்புக் காளவாயா?"
முப்பத்தொன்பதில் முடிந்தது.

பாசி எடுக்கிற ஐந்து பேர், ஒரு குழுக்கடன்.
இத்தனை வருடமும்
முதல் சாக்கு படகுக்காரருக்கு,
இரண்டாவது டீசலுக்கு,
மூன்றாவதில்தான் எங்கள் கை தொடங்கும்.

சின்னப்பாலம் கரையில்
உடைமரத்தடியில் கவிழ்த்துப் போட்டோம்.
வெயிலில் தேய்த்தால் காம்பவுண்டு காய்ந்து அப்பிக்கொள்ளும்
என்று சொல்லிவிட்டு
மெஷினை முந்நூறு வாடகைக்கு விட்டுப் போனான் கிங்ஸ்டன்.
உடைமரத்து நிழலோ ஓட்டை நிழல், நடக்கிற நிழல்.
காலையில் அணியம், சாயங்காலம் பின்தலை,
நடுப்பகலில் யாருக்கும் ஒன்றுமில்லை.

முதலில் நானூறாம் நம்பர் தாள், தண்ணீரில் நனைத்து.
பிறகு எண்ணூறு.
பிறகு ஆயிரத்து இருநூறு.
நம்பர் ஏற ஏற தாள் மெத்தென்று ஆகிறது.
வட்டி அப்படி இல்லை.

விரலுக்குத் துணி சுற்றியிருந்தோம்,
பாறையில் பாசி பறிக்கச் சுற்றுகிற அதே துணி,
பல்லால் இழுத்துப் போடுகிற அதே முடிச்சு.
விலாவிலிருந்து பால் வழிந்தது. மணல் குடித்தது.

"அக்கா, உங்க மூஞ்சிக்கும் ரெண்டு சுத்து விடவா?"
மெஷினை வாங்க வந்தவன் கேட்டான்.
வாடகையில் ஐம்பது பிடித்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் எழுத்து வந்தது.

எப்போதோ ஒட்டிய ஸ்டிக்கர்
எப்போதோ உரிந்து போயிருக்கிறது.
அது மூடியிருந்த இடம் மட்டும்
வெயிலே தெரியாமல் வளர்ந்த கருநீலம்.
ஒரு துணைக்கால். ஒரு புள்ளி.
தண்ணீர் ஊற்றியதும் முழுசாக:
மர்ஜான்.

"மர்ஜான் யாரு பாய்?"
போனில் இபுராம்சா இருமினார்.
"தெரியலையேம்மா.
தொண்டிக்காரங்ககிட்ட வாங்குனது.
எங்கிட்ட இருந்தப்ப அதுக்குப் பேரே இல்ல."

சேதுபாக்கியத்துக்கு மகள் பேரை எழுத ஆசை.
தேய்த்தாள். எண்ணூறை எறிந்துவிட்டு
நானூறுக்கு இறங்கினாள்.
'ம' கொஞ்சம் மங்கியது.
'ன்' நகரவே இல்லை.
'ஜா' இருந்த இடத்தில்
கண்ணாடி நூல் பல்லைக் காட்டியது.
தோல் அவ்வளவுதான்,
நகத்தின் கனம்கூட இல்லை.

ஜெல்கோட் கால் கிலோ, ஹார்ட்னர் சொட்டுக் கணக்கில்.
நீலத்தைக் கலக்கிக் கலக்கிப் பார்த்தோம்.
காய்ந்த பிறகு
ஒட்டுப் போட்ட இடம் ஒரு பொய் மாதிரி தெரிந்தது,
கிட்டத்தட்ட நம்பக்கூடிய பொய்.
சேதுபாக்கியம் அன்றைக்கு எங்களோடு சாப்பிடவில்லை.
மறுநாள் மெழுகு பூசியது அவள்தான்.

கச்சான் ஓய்ந்த ஒரு விடிகாலை தள்ளினோம்.
தெறித்த தண்ணீர் விலாவில்
நிற்க இடம் கிடைக்காமல் ஓடியது.
ஜெசிந்தா குனிந்து
படகில் முகம் பார்த்து மயிர் ஒதுக்கினாள்.

குருசடைத் தீவு பக்கம் போகவும்
வெகு தூரத்தில் திரும்பி
நேராக எங்களிடம் வந்தது வனத்துறைப் படகு.
எப்போதும் நாங்கள்தான் அவர்களை முதலில் பார்ப்போம்.
"என்னம்மா, கண்ணாடி காட்டிக் கூப்பிட்ட மாதிரி இருக்கு"
என்றார் நோட்டைத் திறந்தபடி.
"படகு பேரு?"

நாலு பேர் நாலு திசை பார்த்தோம்.
சேதுபாக்கியம் சொன்னாள்:
"மர்ஜான்னு எழுதிக்குங்க சார்.
அழிச்சுப் பாத்தாச்சு, போகாது."

திரும்பி வரும்போது நம்புத்தாய்
காலிச் சாக்குகளை ஒவ்வொன்றாகக் கடலில் முக்கி
மேற்குப் பக்கத்து விலாவில் தொங்கவிட்டாள்,
மினுக்கம் வெளியே தெரியாதபடி.