ஒட்டுசுட்டானில் ஒன்பதாவது ஆணி

கழகச் சுவரில் எட்டுப் படம்.
ஒன்பதாவது ஆணியை அடித்துவிட்டுத்தான்
கூட்டமே கூட்டினார்கள்.

"எத்தனை கோல்?" என்றார் பொருளாளர் வில்வராசா.
"அறுபதுக்குக் குறையாது."
"ஆர் எண்ணினது?"
கணக்குக் கொப்பி மாத்தளனுக்கு இப்பால்
எந்தப் பதுங்குகுழிக்குள் கிடக்கிறதோ.
கறையானுக்குத் தெரியும் சரியான தொகை.

"பின்னுக்கு ஓடிவந்து ஒருநாள் மறிச்சவனோ?"
"வாயைத் திறந்தால் மத்தியஸ்தரோட சண்டை."
"வந்த பந்துக்குக் கால் வைச்சான், அவ்வளவுதான்.
குடுத்தது முழுக்க இவர்" என்று
பிளேன்டீக் கோப்பையால் என்னைக் காட்டினார்கள்.

நான் மூன்றாவது படம்.
உயிரோடு இருப்பவனுக்கு
மாலையும் போட்டிருக்கிறார்கள்.

இருதயதாசன் வரவில்லை.
முத்தையன்கட்டில்
அறுவடை மெசினோடு நிற்கிறானாம்.

மாங்குளத்து இறுதியாட்டம். எண்பத்தெட்டாவது நிமிடம்.
மழைச்சேற்றில் நான் வெளியேதான் அடித்தேன்,
மூச்சுவிடக் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டுமென்று.
கணுக்காலில் பட்டு உள்ளே வளைந்தது பந்து.
வளையுமென்று எனக்கே தெரியாது.
அவன் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தான்.

பத்து வருடமாய்
தலை நிமிராமல் நான் அடித்தவை எத்தனை,
விழுந்த இடத்தில் அவன் நின்றவை எத்தனை,
அதற்கும் கொப்பி இல்லை.

"எதிரானவர்கள் கை தூக்குங்கோ."
மின்விசிறிக்கு ஆடியது
என் படத்துப் பிளாஸ்டிக் பூ.
தூக்கினேன்.

"அண்ணை, நீங்களும் எதிரோ?"
"இல்லை. அந்த மாங்குளத்துப் பந்து..."
"தெரியும் அண்ணை, தெரியும்!"
எல்லாரும் எழும்பி நின்று
கைதட்டினார்கள்.