கடல் பக்கம், காலி வீதிப் பக்கம்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில்
மூன்றாம் மாடி.
பாத்ரூம் யன்னலுக்குக் கறுப்பு ரெக்ஸின்.
கொமட்டின் மேல் பலகை,
பலகையில் மருந்துத் தட்டு மூன்று.
சலவை மெஷின் நின்ற இடத்தில் என்லாஜர்.

சின்னப் படமென்றால் வில்லங்கம் இல்லை.
தலை தாழ்ந்து நிற்கும், குமிழ் கைக்கு வரும்.
இருபதுக்கு இருபத்துநாலு கேட்டால்தான்
தலையைத் தூணின் உச்சிக்கு ஏற்றவேண்டும்.
அப்போது குமிழ் மேலே.
படம் கீழே.
நான் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு.

குனிந்து உருப்பெருக்கியில் கண்ணை வைத்தால்
கை காற்றில் துழாவும்.
ஸ்டூலில் ஏறிக் குமிழைப் பிடித்தால்
கீழே படம் வெறும் பாலாடை.
ஏறி, மயிரிழை திருப்பி, இறங்கி, குனிந்து,
ஐயோ கூடிப்போச்சு என்று மறுபடி ஏறி,
ஒரு நெகட்டிவுக்குப் பதினாலு தரம்.
முழங்காலுக்கு எண்ணெய் பூசியது தனிக் கதை.

சுகிர்தனைக் கூப்பிட்டேன்.
உயரம். நீளக் கை. கட்டைப் பொறுமை.
"இடப்பக்கம்" என்றால்
"உன்ர இடமோ என்ர இடமோ?"
"மேல" என்றால்
"வட்டமாச் சுத்திற சாமானுக்கு மேல எங்க?"
நாலு நாள் நாங்கள் கதைக்கவில்லை.
ஐந்தாம் நாள் அவன்தான் சொன்னான்:
த்ரீவீலர்காரனுக்கு வழி சொல்லுற மாதிரிச் சொல்லு.

அன்றிலிருந்து எங்கள் இருட்டில் இரண்டே திசை.
"கடல்... கடல்... இன்னும் கொஞ்சம் கடல்...
காணும், காணும்.
ஒரு சொட்டுக் காலி வீதி.
நில்!"

மூன்று வருஷம் இப்படி ஓடியது.
போன மாசியில் அவனுக்கு ஹோட்டலில் இரவு வேலை.
எனக்கோ இரவைவிட்டால் நேரமில்லை:
கடைசி ரயில் போனபிறகுதான்
தூண் நடுக்கத்தை விடும்.

முதலில் தும்புத்தடி. வழுக்கி லென்ஸில் இடித்தது.
பிறகு கறண்டி. அதைச் சொல்லவே வெட்கம்.
பிறகு பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டிக்
குமிழுக்குக் காப்புப்போல் போட்டு,
அதன்மேல் அவனுடைய பைஜாமா நாடாவை
இரண்டு சுற்றுச் சுற்றி
இரு முனையையும் கீழே தொங்கவிட்டேன்.
கடலுக்கு ஒரு முடிச்சு.
காலி வீதிக்கு இரண்டு.
இருட்டில் விரல் எண்ணும்.

பிளாஸ்டிக் கதிரையை உள்ளே இழுத்துப்போட்டு இருந்தேன்.
இருந்தேன்!
கவிழ்த்த வாளியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு
புறக்கோட்டை பஸ் கொண்டக்டர் ஒருவரின் கையை,
விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகளை,
ஒரு முடிச்சு இழுத்தேன், கலங்கியது.
இரண்டு முடிச்சு, தெளிந்தது.
இன்னும் நூலளவு.
வறுத்த ரவைபோல் துகள்கள் எழுந்து
அவர் பெருவிரல் நகத்தின் அழுக்கு வரைக்கும்
ஒவ்வொன்றும் தன் இடத்தில் குந்தின.

விடியப்புறம் வந்தான், டையைத் தளர்த்தியபடி.
நாடாவைப் பார்த்தான். பிறகு என்னை.
"அப்ப என்ர வேலை போச்சு?"
"பைஜாமாவும்."

சிரிக்கவில்லை. கதிரையில் இருந்தான்.
லைட்டைப் போட்டு, உருப்பெருக்கியில்
அவன் கண்ணை நானே பிடித்து வைத்தேன்.
நாடாவைக் கையில் கொடுத்தேன்.

மூன்று வருஷம் குமிழைத் திருப்பியவன்
என்னத்தைத் திருப்புகிறான் என்று
ஒருநாளும் பார்த்ததில்லை.
நான் காட்டவும் இல்லை.

"இதென்ன, மணலே?"
"வெள்ளி."
கொஞ்சநேரம் சத்தமில்லை.
கடல், காலி வீதி, கடல், காலி வீதி,
தெளியவிட்டுக் கலக்கி, கலக்கித் தெளியவிட்டு,
முதுகு வளைந்து, வாய் பாதி திறந்து.

முதல் ரயில் வந்தது.
தட்டுகளில் மருந்து சிலுசிலுத்தது.
"நடுங்குது, நடுங்குது" என்றான்
கண்ணை எடுக்காமல்,
ஒரு கையால் நாடாவையும்
மறு கையால் என் பாவாடை விளிம்பையும் பிடித்துக்கொண்டு.