எந்த மாதம்?

நகர் ஊரமைப்பு என்று சொன்னால்
கல்யாண வீட்டில் யாருக்கும் புரிவதில்லை.
"சிவிலா?"
இல்லை.
"அப்ப பிளான் போட்டுக் குடு,
மாடியில ரெண்டு ரூம் எடுக்கணும்."
நாலு வருஷம் சிரித்தே சமாளித்தேன்.
இன்று பதில் சொல்கிறேன், ராயப்பன் சித்தப்பா,
அடுத்த பந்திக்கு இன்னும் நேரமிருக்கிறது.

மூன்றாம் ஆண்டு. ஆனி மாதம்.
மண்டபத்துக்கு மேற்கே, தென்கடல் ஓரம், சங்குமேடு.
எங்கள் கையில் ஒரு வரைபடம்,
கரை நெடுக அதில் ஒரே சொல்:
காலி.
போய்ப் பார்த்தோம். காலிதான்.
கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது.
கூரை போன ஓலைக் கொட்டில்கள்,
கவிழ்த்துப் போட்ட ஒரு வத்தை,
அதன் நிழலில் ஒரு ஆடு.
ஆட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை.

திரும்பி வந்து வரைந்தேன்:
நடைபாதை, பூங்கா, வண்டி நிறுத்துமிடம்,
உட்கார்ந்து கடல் பார்க்க இருபது கல்பெஞ்சு.
நூற்றுக்கு எண்பத்தேழு.
துறைச் சுவரில் ஒரு மாதம் தொங்கியது
என் கடற்கரை.

தை மாதம் மறுபடி போனேன்,
என் படிப்புக்காக அல்ல.
கூடப் படித்த சபுரா கிணறு கிணறாக
உப்பு அளந்துகொண்டிருந்தாள்,
வாளி தூக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.
பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் வந்தது சத்தம்.
அறுபது பேர் கரைவலை இழுக்கிறார்கள்.
இரண்டு கயிறு, இரண்டு வரிசை,
பின்னால் பின்னால் நடக்கிறார்கள்;
நடக்க நடக்க
என் பூங்காவுக்குள் நுழைகிறார்கள்,
பெஞ்சுகளைத் தாண்டுகிறார்கள்,
கடைசி ஆளின் குதிகால்
என் வண்டி நிறுத்துமிடத்தின் நட்டநடுவில்.

"எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டேன்,
ஏதோ தப்பு அவர்களுடையது போல.
காரலை உதறிக்கொண்டே நம்புசெல்வி சொன்னாள்:
"கச்சானுக்கு வடகடல். வாடைக்குத் தென்கடல்.
ஆனியில இங்க வந்து எவன் நிப்பான்?"
பிறகு என் அளவுநாடாவைப் பார்த்து,
"அந்த முனைய இப்படிக் குடு."
இருவருமாக அளந்தோம்.
கயிறு நடக்கும் தூரம் நூற்றுப் பத்து மீட்டர்.
சபுராவின் வாளி அதுவரை வெயிலில் கிடந்தது.

பிராந்தியம் என்றொரு சொல், சித்தப்பா,
பாடப்புத்தகத்தில் நாற்பது பக்கத்துக்கு வரும்.
புரியாமலே பரீட்சை எழுதியிருந்தேன்.
ஒரே ஊர் இரண்டு கடலில் குடியிருக்கிறது,
இடையில் நாலு கிலோமீட்டர் உடைமரமும்
ஒரு ரயில்பாதையும்.
ரேஷன் கடை ஒரு கரையில், உலை மறு கரையில்.
அந்தச் சொல் அதுதான்.

எண்பத்தேழைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.
பதிவாகிவிட்டது என்றார்கள்.
இறுதியாண்டில் அதே கரையை
இரண்டு தாளில் வரைந்தேன்,
ஆனிக்கு ஒன்று, தைக்கு ஒன்று.
ஒன்றன்மேல் ஒன்று வைத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாலொழிய
ஊர் தெரியாது.
எழுபத்திரண்டு.

இப்போது ராமநாதபுரத்தில், மாடி அலுவலகத்தில்,
மின்விசிறி புழுதியைச் சுற்றிக்கொண்டிருக்க
ஒரு கோப்பு வரும்.
ஏதோ ஒரு கரை, ஏதோ ஒரு சாலை.
நிலத்தின் தற்போதைய நிலை: காலி.
ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன்:
எந்த மாதம்?
சில கோப்புகள் அதனால் வந்த வழியே போகும்.
சில, மேசை மாறி, ரப்பர் பட்டு,
அப்படியே தார் ஊற்றிக்கொள்ளும்.
போன வருஷம் ஒன்று வளைந்தது,
நாற்பது மீட்டர், பனைகளுக்குப் பின்னால்.
அதில் போகிற யாருக்கும்
ஏன் வளைகிறதென்று தெரியாது.
வேன் ஓட்டுகிறவர்கள் திட்டுகிறார்கள்.

மாடி ரூமா?
போட்டுத் தருகிறேன், சித்தப்பா.
முதலில் இதைச் சொல்லுங்கள்:
ஐப்பசியில் உங்கள் தெருத் தண்ணீர்
யார் வீட்டுப் பக்கம் போகிறது?