ஒலிக்காத எழுத்து

செவ்வாய் மாலை ஆறரை.
எப்பினால் நகராட்சிக் கட்டடத்தின் முதல் மாடி.
கீழே சலவைக்கடை இயந்திரங்கள் சுற்றுவதால்
எங்கள் மேசைக்கு எப்போதும் லேசான குளிர்க்காய்ச்சல்.
ஓரியான் பலகையில் எழுதுகிறாள்:
தெவுவார்.

கொடுக்கவேண்டியிருப்பது. செய்யவேண்டியிருப்பது.
இரண்டுக்கும் ஒரே வினையா என்று
நியெலே முகம் சுளிக்கிறாள்.
எனக்கு வியப்பில்லை.
என் மொழியில்
வட்டிக்காரனிடம் படுவதும் கடன்,
செத்தவருக்குச் செய்வதும் கடன்,
விடிந்ததும் கழிப்பதுகூடக் கடன்தான்.

ஜெ துவா.
து துவா.
இல் துவா.
நான், நீ, அவன்: காதுக்கு மூவரும் ஒரே ஆள்.
தாளில்தான் வால் மாறுகிறது,
எஸ், மறுபடி எஸ், பிறகு தே.
அந்த வாலை யாரும் உச்சரிப்பதில்லை.
எங்கள் குற்றியலுகரம்கூட
அரை மாத்திரையாவது மூச்சு விடும்.

மெஸௌதா சிரிக்கிறாள்.
"மூன்று முறை துவா கேட்டாயிற்று,
யாரும் ஆமீன் சொல்லவில்லையே."

ஆளுக்கொரு வாக்கியம்.
நான் நாலரைக்கு எழவேண்டும், என்கிறாள் நியெலே.
நீ எனக்கு ஒரு குடை தரவேண்டும், என்கிறாள் மெஸௌதா
என்னைப் பார்த்து.
இலக்கணப்படி சரி. உண்மையும்கூட.
பச்சைக் குடை, நான்காம் எண் பேருந்து.

அடுத்து மமூக்கா.
மர ஆலையிலிருந்து நேரே வருபவன்,
சட்டைக் கைமடிப்பில் மரத்தூள், கழுத்தில் பிசின் வாசம்.
நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே பேனா பிடிப்பான்.
ஆள்காட்டி விரலில்
ஒரு மொழி மட்டும் மிச்சம்.

நவம்பரில் ஒருநாள்
அதைச் சொல்ல முயன்றான்.
இறந்தகாலம் அடுத்த பருவத்துப் பாடம்,
அவனிடம் இருந்தது நிகழ்காலம் ஒன்றே.
"ரம்பம் என் விரலை எடுக்கிறது" என்றான்.
நாங்கள் எல்லோரும்
அவன் கையைப் பார்த்தோம்,
ரம்பம் இன்னும் நிற்கவில்லை என்பதுபோல.

இன்று அவன் நானைத் தொடவில்லை.
நீ, அவன், நாம், நீங்கள்,
பலகையில் ஒவ்வொரு படியாக இறங்கி
கடைசி வரியில் நிற்கிறான்.

"இல் மெ துவாவ் அன் துவா."

அவர்கள் எனக்கு ஒரு விரல் தரவேண்டும்.

விரலுக்கும் இங்கே துவா என்றுதான் பேர்.
எழுதினால் ஐந்தெழுத்து, பின்னிரண்டும் ஊமை.
அவன், இவன் என்று ஒற்றையாய்ச் சொன்னவரை
வாய்க்குள் அடங்கிக் கிடந்த 'வ்'
அவர்கள் என்றதும்
உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு
வெளியே வருகிறது.

ஓரியான் அதை அப்படியே பலகையில் எழுதுகிறாள்.
அவர்கள் யார் என்று கேட்கவில்லை.
ஆலை முதலாளியா, காப்பீட்டு அலுவலகமா,
கையெழுத்துக்குக் காத்திருக்கும் நீலக் கோப்பா,
நிகழ்காலப் பன்மையில் எல்லோருக்கும் இடமுண்டு.

மமூக்கா எழுந்து போய்
விரல் என்ற சொல்லின் நான்காம் எழுத்தைத்
தன் குறைவிரலால் தொடுகிறான்.
"இது எதற்கு?"

"லத்தீனில் இருந்தது" என்கிறாள்.
"இப்போது இல்லை. எழுதும்போது மட்டும் எழுதுவோம்."

அவன் தலையாட்டுகிறான்.
"குளிரில் அரிக்கிறது" என்கிறான்.
வினைமுற்றில் பிழையில்லை.

கீழே ஏதோ ஒரு இயந்திரம்
ஈரத்தை முறுக்கிப் பிழியத் தொடங்குகிறது,
பேனாக்கள் உருள்கின்றன.
கோட்டுகளை மாட்டிக்கொள்கிறோம்.

வீட்டுப்பாடத்துக்கும் தெவுவார் என்றே பேராம்.
அடுத்த செவ்வாய்க்குள் ஐந்து வாக்கியம்.
"ஐந்தா?" என்று கேட்கிறான் மமூக்கா,
இடதுகையை விரித்துக் காட்டி.